ஓராண்டு ஒப்பந்தக் கல்யாணம் 1812 இங்கிலாந்தில் நடக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: 1812இல் இங்கிலாந்தில் நடக்கும் ஒரு காதல் நாவலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நாயகன் ‘ஏர்ல்’ என்ற பிரபுப் பட்டம் உள்ளவன். தந்தை சூதாடி வைத்துவிட்டுப் போன கடனில் மூழ்கியிருக்கிறான். நாயகி ஒரு வணிகரின் பேத்தி. 25 வயதுக்குள் திருமணம் செய்துகொண்டால்தான் தாத்தாவின் பணம் அவளுக்கு, இல்லையென்றால் அது பங்காளிக்குப் போய்விடும். இருவரும் பேசி வைத்துக்கொண்டு மணக்கிறார்கள். ஓராண்டு ஒரே வீட்டில் தொடாமல் வாழ்வது, பிறகு ‘தாம்பத்தியம் நடக்கவில்லை’ என்று சொல்லித் திருமணத்தை ரத்து செய்துகொள்வது, பணத்தைப் பங்கிட்டுக்கொண்டு பிரிவது என்பது அவர்கள் திட்டம். இது நம்பும்படி இருக்கிறதா, காதலை எந்த இடத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாதிரி அத்தியாயத்தையும் அனுப்பி, ஏர்லும் மனைவியும் தமிழில் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்; அதைக் கடைசியில் பார்ப்போம். முதல் இரண்டும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரே கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன், ஏனெனில் முதல் பாதியில் உள்ள பிழையைத் திருத்தினால் இரண்டாம் பாதிக்கான விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு ஆண்டுகள் கல்லூரியில் அந்தக் காலத்து ஆங்கில நாவல்களைப் பாடம் நடத்தினேன். அதன் பிறகு சரித்திரக் காதல் நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. கீழே சட்டம் பற்றிச் சொல்லுபவை அந்த நாவல்களைப் புரிந்துகொள்வதற்காகப் படித்தவை, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்துபவை. ஸ்காட்லாந்தின் திருமணச் சட்டம் வேறு. காதலைப் பற்றிச் சொல்லுபவை என் ரசனை. அதை நீங்கள் தாராளமாக மறுக்கலாம்.

நாயகனின் கடன் மிகவும் நம்பத்தகுந்தது. ஆனால் அவனிடம் பல்லாயிரம் ஏக்கர் நிலம் இருக்கும்போது அதில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைக்காமல் ஏன் பெண் தேடுகிறான் என்று வாசகர் கேட்பார். அதற்கான விடையில்தான் அந்தச் சமூகத்தின் முதுகெலும்பு இருக்கிறது. அன்றைய பெரிய குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் தலைமுறைக் கட்டுப்பாட்டுப் பத்திரங்களுக்கு உட்பட்டிருந்தது. நம் ஊர்ப் பத்திர மொழியில் சொன்னால், நிலத்தை அனுபவிப்பவனுக்கு ஆயுள்கால பாத்தியதை மட்டுமே உண்டு. குத்தகை வருமானத்தை அவன் அனுபவிக்கலாம்; விற்க முடியாது; அவனுக்குப் பின் அது மூத்த மகனுக்கு. இந்தக் கட்டை அவிழ்க்க ஒரு வழி இருந்தது. மூத்த மகனுக்கு 21 வயது ஆனதும் தந்தையும் மகனும் சேர்ந்து கையெழுத்திட்டால் பழைய கட்டுப்பாட்டை உடைத்து, புதிய கடன்களை நிலத்தின் மீது ஏற்றி, மறுபடியும் கட்டிவைக்கலாம். மகனுக்கு உடனே ஓர் ஆண்டுப்படி கிடைக்கும். தந்தைக்கு அடமானம் வைக்க நிலம் கிடைக்கும். உங்கள் நாயகன் அந்தக் கையெழுத்தைப் போட்டவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21ஆவது பிறந்தநாளில், பண்ணையாட்கள் வெளியே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, நூலக அறையில் தந்தை நீட்டிய பேனாவை வாங்கியவன். இப்போது அந்தக் கடன் தந்தையின் பாவம் மட்டும் அல்ல. இவனுடைய கையெழுத்தும் அதில் இருக்கிறது. ‘அப்பாவின் கடனைச் சுமக்கும் நல்ல பிள்ளை’ என்ற சலித்துப்போன நாயகனைவிட இவன் எனக்குச் சுவாரசியமானவனாகத் தெரிகிறான்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். அன்று சட்டம் அனுமதித்த உச்ச வட்டி 5 சதவீதம். எஸ்டேட்டின் குத்தகை வருமானம் ஆண்டுக்கு 6,000 பவுன், அடமானக் கடன் 60,000 பவுன் என்று கற்பனையாக வைத்துக்கொண்டால், வட்டிக்கே 3,000 போய்விடும். கைம்பெண்ணான தாய்க்குப் பத்திரப்படி 1,000, தங்கைகளுக்கு ஒதுக்கிய தொகையின் வட்டி 500 என்று கழித்தால் மிஞ்சுவது 1,500. அதில் மாளிகைக் கூரையும் பார்க்க வேண்டும், குதிரைகளையும் ஆட்களையும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். இந்தக் கணக்கு நாவலில் ஒரு பக்கத்துக்கு மேல் வரத் தேவையில்லை. ஆனால் உங்கள் மேசையில் இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த அறையில் நெருப்பு மூட்டுகிறார்கள், எந்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும்.

நாயகியின் உயிலுக்கு வருவோம். திருமணத்தை அடியோடு தடுக்கும் நிபந்தனைகளைத்தான் அன்றைய நீதிமன்றங்கள் வெறுத்தன. திருமணத்தைத் தூண்டும் நிபந்தனைகளை அல்ல. ஆகவே 25 வயதுக் கெடு நிற்கும். ஒரு நுட்பத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘அறங்காவலர் சம்மதம் இல்லாமல் மணந்தால் பணம் இல்லை’ என்பது போன்ற நிபந்தனைகளை, பணம் அப்போது வேறு யாருக்குப் போக வேண்டும் என்று உயிலிலேயே எழுதியிராவிட்டால், நீதிமன்றம் பொதுவாக வெறும் மிரட்டலாகக் கருதித் தள்ளிவிடும். உங்கள் கதையில் பங்காளி இருக்கிறான், அதனால் தப்பித்தீர்கள். அவன் கதைக்குத் தேவையான வில்லன் மட்டும் அல்ல, அவன் பெயர் உயிலில் இருப்பதால்தான் அந்த நிபந்தனைக்குப் பல் இருக்கிறது. அவள் 24 வயதுக்காரி என்பதால் பெற்றோர் சம்மதமும் தேவைப்படாது. 21 தாண்டியவர்களுக்கு அது வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கதைச் சுருக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சுதந்திரமாக வாழப் பணம் வேண்டும் என்பதற்காக அவள் மணக்கிறாள் என்கிறீர்கள். மணந்த கணமே அந்தப் பணம் அவளுடையது அல்ல. அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஆள் கணவன்தான். அவள் ரொக்கம், நகை, வங்கிப் பத்திரங்கள் அனைத்தும் அவனுடையவை ஆகிவிடும். அவள் பெயரில் நிலம் இருந்தால் அதை அவள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது என்றாலும் அதன் வருமானம் அவன் கைக்கு வரும். ஸ்ரீதனம் பெண்ணுடைய சொந்தச் சொத்து என்ற கருத்தோடு வளர்ந்த நம் வாசகர்களுக்கு இது விசித்திரமாகப் படும். இங்கிலாந்தில் மனைவி தன் சொத்தைத் தானே முழுமையாக வைத்துக்கொள்ளும் உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் தந்தது. எனவே அவளுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் திருமணத்துக்கு முன்பே செட்டில்மென்ட் பத்திரம் எழுதியாக வேண்டும். ஒரு பகுதியை அவளுடைய தனி உபயோகத்துக்கென்று அறங்காவலர்களிடம் ஒப்படைத்தால் கணவன் அதில் கைவைக்க முடியாது. ‘கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வாக்குக் கொடுக்கிறேன்’ என்று அவன் சொன்னால், அந்த வாக்கை எந்தப் பொதுச் சட்ட நீதிமன்றத்திலும் அவள் நிறைவேற்றிக்கொள்ள முடியாது. ஒரே ஆளுக்குள் என்ன ஒப்பந்தம்?

ஆகவே உங்கள் நாவலின் முதல் பெரிய காட்சி தேவாலயத்தில் நடப்பதல்ல, வக்கீல் அறையில் நடப்பது. எழுத்தர் தோல் காகிதத்தில் எழுதிய பத்திரத்தை நிறுத்தாமல் வாசிக்கிறார். மூன்று விஷயங்களுக்கு அங்கே பேரம் நடக்கும்: அவளுக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய கைச்செலவுப் பணம், அவன் இறந்தால் அவளுக்கு ஆண்டுதோறும் வர வேண்டிய கைம்பெண் படி, மூத்தவன் அல்லாத பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு. கைம்பெண் படிக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் புழங்கிய வாய்ப்பாடு, பெண் கொண்டுவரும் ஒவ்வோர் ஆயிரம் பவுனுக்கும் ஆண்டுக்கு நூறு என்பது. அவள் 40,000 கொண்டுவந்தால் கணக்குப்படி 4,000. ஆனால் எஸ்டேட்டின் மொத்த வருமானமே 6,000. அவன் வக்கீல் 1,500 என்பார், அவள் வக்கீல் 3,000 என்பார். இன்னும் ஒருவரையொருவர் சரியாக நிமிர்ந்து பார்க்காத இருவர், ஒருவர் சாவுக்குப் பின் மற்றவர் எப்படிச் சாப்பிடுவார் என்பதைப் பற்றி அந்நியர்கள் பேரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட நெருக்கமான காட்சியைத் திருமண இரவில்கூட எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நடைமுறையில் பெண்ணை வக்கீல் பேரத்துக்கு அழைப்பது வழக்கம் அல்ல, தந்தையோ காப்பாளரோதான் போவார்கள். ஆனால் கையெழுத்திட அவள் வந்தாக வேண்டும், அன்று ஒரு கேள்வி கேட்காமல் போகக்கூடிய பெண்ணாக உங்கள் நாயகி எனக்குத் தெரியவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் சுருக்கம் ‘வணிகம்’ என்ற ஒரு சொல்லில் தாண்டிவிடுகிறது. 1812இல் ஒரு லண்டன் வணிகரின் பெருஞ்செல்வத்துக்கு மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள் ஒரு சாதாரண ஊற்று. அடிமை வியாபாரத்தை 1807இல் தடை செய்திருந்தார்கள். அடிமை முறை இன்னும் நடந்துகொண்டிருந்தது. இன்னோர் ஊற்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. மதராஸில் கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகம் பார்த்தவர்கள் ஆற்காட்டு நவாபுக்குக் கொடுங்கடன் கொடுத்துச் செல்வம் குவித்தார்கள். பால் பென்ஃபீல்டு என்பவர் தஞ்சாவூர் விளைச்சலின் மீதே தனக்குப் பாத்தியதை உண்டு என்று உரிமை கொண்டாடினார். இந்தக் கடன் விவகாரத்தைக் கண்டித்து எட்மண்ட் பர்க் 1785இல் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சு புகழ்பெற்றது. உங்கள் நாயகியின் தாத்தாவை அந்தக் கூட்டத்தில் ஒருவராக வைத்தால், ஆங்கிலப் பிரபுவின் கூரையை ஒழுகாமல் செய்தது காவிரிக்கரை நெல் என்றாகும். இதை வலிந்து செருக வேண்டாம். தமிழில் எழுதுபவர் மட்டுமே இயல்பாகப் பார்க்கக்கூடிய ஒரு கோணம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இனி அந்த ஓராண்டுத் திட்டம். அது நடக்காது. தாம்பத்தியம் நடக்கவில்லை என்பதற்காக மட்டும் அன்று ஒரு திருமணத்தைச் செல்லாதது என்று அறிவிக்க முடியாது. இதை நானே பல ஆண்டுகள் வகுப்பில் தவறாகச் சொல்லியிருக்கிறேன். நாவல்களில் படித்ததை வரலாறு என்று நம்பிய குற்றம். அன்று இவ்வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களில் நடந்தன. முந்தைய துணை உயிரோடு இருப்பது, விலக்கப்பட்ட உறவுமுறை, சித்தசுவாதீனம் இல்லாமை, வற்புறுத்தல் போன்ற சில காரணங்களுக்காகத் திருமணம் செல்லாது என்று சொல்ல முடிந்தது. உடலுறவு சார்ந்த ஒரே காரணம் இயலாமை. அதுவும் திருமணத்தின்போதே இருந்த, குணப்படுத்த முடியாத இயலாமை. பொதுவாக மூன்றாண்டு சேர்ந்து வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்த்தது. முடியும், ஆனால் விரும்பவில்லை என்பது காரணமே அல்ல. துணை வேண்டுமென்றே மறுப்பதை ஒரு காரணமாக இங்கிலாந்துச் சட்டம் ஏற்றது 1937இல்தான். உங்கள் ஏர்ல் இந்த வழியாக வெளியேற வேண்டுமென்றால் தன்னை ஆண்மையற்றவன் என்று உலகறிய ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், பட்டத்துக்கு வாரிசு எங்கிருந்து வரும்?

நடந்த ஒரு வழக்கைப் பார்த்தால் இது என்ன விலை என்பது புரியும். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1848இல் எஃபி கிரேயை மணந்தார். ஆறாண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் தாம்பத்தியம் நடக்கவில்லை. 1854 ஏப்ரலில் எஃபி பெற்றோரைப் பார்க்கப் போவதுபோல் ரயிலேறிப் போய்விட்டார்; வழக்குக்கு முன் இரண்டு மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்துக் கன்னி என்று சான்றளித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ‘குணமாகாத இயலாமை’ என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தது. ரஸ்கினுக்கு உண்மையிலேயே இயலாமையா, விருப்பமின்மையா என்பதை இன்றும் விவாதிக்கிறார்கள், அவரே தன் ஆண்மையை நிரூபிக்கத் தயார் என்று சொன்னதும் உண்டு. ஆனால் சட்டத்துக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது, எழுதிக்கொண்டது. புறப்பட்ட அன்று எஃபி மாமியாருக்கு ஒரு பொட்டலம் அனுப்பினார். அதில் கல்யாண மோதிரமும், வீட்டுச் சாவிகளும், வீட்டுக் கணக்குப் புத்தகமும் இருந்தன. மோதிரத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அது நாவல். கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தாரே, அதுதான் வாழ்க்கை.

விவாகரத்து வழியும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1857க்கு முன் மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு விவாகரத்து பெற ஒவ்வொரு தம்பதிக்கும் தனியாக ஒரு நாடாளுமன்றச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளில் இப்படி வந்தவை மொத்தம் சுமார் 325தான். அவற்றில் மனைவி கேட்டுப் பெற்றவை நான்கே நான்கு. கணவன் கேட்டாலும் மனைவியின் சோரத்தை நிரூபிக்க வேண்டும். ‘ஓராண்டு கழித்துப் பிரிந்துகொள்வோம்’ என்று முன்கூட்டியே பத்திரம் எழுதினால் அது பொது நலனுக்கு விரோதம் என்று செல்லாமல் போகும். நம் இணைய நாவல்களில் வரும் ஒப்பந்தக் கல்யாணத்தில் பன்னிரண்டு மாத நிபந்தனை ஒன்று தவறாமல் இருக்கும். விவாகரத்துச் சட்டம் உள்ள இன்றைய சென்னையில் அது பொருந்துகிறது. அதை அப்படியே தூக்கி 1812இல் நட்டால் வேர் பிடிக்காது.

இது கெட்ட செய்தி என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஓராண்டில் திறந்துகொள்ளும் கதவு இருக்கும் வரை அவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. விருந்தினர் விடுதியில் தங்குபவர்கள் போலக் காலத்தை ஓட்டிவிடலாம். வாசகரும் ‘எப்படியும் பிரிய மாட்டார்கள்’ என்று முதல் அத்தியாயத்திலேயே கண்டுகொண்டு, அந்த ஓராண்டு எப்போது முடியும் என்று பக்கத்தைப் புரட்டுவார். கதவை அடைத்துவிடுங்கள். அடைப்பதற்கு நான் பரிந்துரைக்கும் வழி: ரத்து செய்துகொள்ளலாம் என்று அவர்கள் நம்பியே மணக்கட்டும். உங்களையும் பழைய என்னையும் போல அவர்களும் தவறாகவே தெரிந்து வைத்திருக்கட்டும். மூன்று மாதம் கழித்து ஏதோ வேறு காரியமாக வந்த வக்கீலிடம் நாயகி நாசூக்காக விசாரிக்கிறாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விளக்குகிறார். இப்போது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் குறைந்தது ஐந்து அத்தியாயங்கள் இருக்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் பிழையை அழிக்க வேண்டாம், பாத்திரங்களின் தலையில் போட்டுவிடுங்கள்.

தொடாமல் வாழும் நிபந்தனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏர்ல் ஒருவன் பணத்துக்காக மணக்கும்போது அந்த வியாபாரத்தின் மறுபாதி வாரிசு. மகன் இல்லையென்றால் பட்டமும் நிலமும் எங்கோ இருக்கும் சகோதர முறையானிடம் போகும். ஆகவே ‘தொட மாட்டேன்’ என்று அவனே முன்வந்து சொல்வது அன்றைய காதுக்கு, ‘கடையைத் திறக்கிறேன், சரக்கு விற்க மாட்டேன்’ என்பதுபோல் கேட்கும். அவகாசம் கேட்பவள் அவளாக இருந்தால் நம்பலாம்: ‘எனக்கு உங்களைத் தெரியாது, தெரிந்த பிறகு நானே சொல்கிறேன்.’ அவன் அதற்கு ஒப்புக்கொள்வது சிறிய விஷயம் அல்ல. மனைவியின் மறுப்பை மீறும் கணவன் குற்றவாளி என்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1991இல். 1812இல் அவன் கைக்குச் சட்டம் எந்தத் தடையும் போடவில்லை. அவன் விலகி நின்றால் அது அவன் குணம் மட்டுமே. அதை வசனமாகச் சொல்லிவிடாதீர்கள். இரவில் இரு அறைகளுக்கு நடுவே உள்ள கதவின் சாவி அவள் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு வரி போதும்.

காதல் எங்கே தொடங்கும் என்ற கேள்விக்கு, அந்தக் காலத்து அரச குடும்பத்திலிருந்தே இரண்டு திருமணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர், ஆறு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட கடனைத் தீர்க்க வேறு வழியில்லாமல் 1795 ஏப்ரலில் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் சிற்றரசைச் சேர்ந்த கரோலினை மணந்தார். முதல் சந்திப்பிலேயே உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பிராந்தி கேட்டார். மணமகளோ படத்தில் பார்த்த அழகு நேரில் இல்லையே, பருமனாக இருக்கிறாரே என்றார். 1796 ஜனவரியில் மகள் சார்லட் பிறந்ததோடு சேர்ந்த வாழ்க்கை முடிந்துபோயிற்று. 1820இல் மன்னரான பிறகு நாடாளுமன்றத்தின் மூலம் அத்திருமணத்தைக் கலைக்க முயன்று தோற்றார். இங்கிலாந்தின் அரசனுக்கே திறக்காத கதவு அது.

சார்லட் 1817இல் பிரசவத்தில் இறந்ததும் பட்டத்துக்கு அடுத்த தலைமுறையில் முறையான வாரிசு இல்லாமல் போக, நடுவயதுச் சித்தப்பாக்கள் அவசரமாகப் பெண் தேடினார்கள். அவர்களில் கிளாரன்ஸ் பிரபு வில்லியமுக்கு 52 வயது; நிறையக் கடன்; ஒரு நாடக நடிகையோடு வாழ்ந்து பெற்ற பத்துப் பிள்ளைகள். ஜெர்மனியின் ஒரு சிற்றரசிலிருந்து வந்த அடிலெய்டுக்கு வயது 25. சந்தித்து ஏறக்குறைய ஒரு வாரத்தில், 1818 ஜூலையில் கியூ அரண்மனையில் திருமணம். இதைவிட அப்பட்டமான வசதித் திருமணம் இருக்க முடியாது. ஆனால் இது நிலைத்தது. சிக்கனத்துக்காக ஹனோவரில் ஓராண்டு போய் இருந்தார்கள். கணவனின் பிள்ளைகளை அடிலெய்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். தனக்குப் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தபோதும் அந்த வீட்டை அவர் விட்டுப்போகவில்லை. கணவர் இறக்கும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டார். அவர்களுக்குள் இருந்தது காதலா என்று கேட்டால் அது ஊகம். ஆனால் வாரிசு பெறுவதற்காக வந்த பெண், இன்னொருத்தி பெற்ற பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தாள் என்பது ஊகம் அல்ல. எந்தப் பத்திரமும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

என்னிடம் வரும் பிரதிகளில் நான் தேடுவது அந்த இடத்தைத்தான்: பத்திரத்தில் எழுதாத ஒன்றை ஒருவர் முதன்முதலில் செய்யும் இடம். அதற்கு முன்னால் நாலாம் அத்தியாயத்திலேயே இதயம் படபடத்துவிட்டால், மீதி முந்நூறு பக்கங்களுக்கு ஒரு பழைய காதலியையும் திருட்டுக் கடிதத்தையும் கொண்டுவந்து தப்பபிப்பிராயம் வளர்க்க வேண்டிவரும். பத்தில் ஏழு பிரதிகள் அங்கேதான் வழுக்குகின்றன (இது கணக்கெடுப்பு அல்ல, என் எரிச்சல்). உங்களுக்கு ஓர் எலும்புக்கூடு அன்றைய நாட்காட்டியிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் வாடகை, குத்தகை, படி எல்லாம் ஆண்டுக்கு நான்கு காலாண்டு நாட்களில் கணக்குத் தீர்க்கப்படும்: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. அவளுடைய கைச்செலவுப் பணமும் அன்றுதான் வரும். முதல் காலாண்டில் காரியஸ்தர் உறையைத் தட்டில் வைத்து நீட்டட்டும். இரண்டாவதில் அறுவடை குறைந்துபோய்த் தாமதமாக வரட்டும். அவள் வாய் திறக்காமல் இருக்கட்டும். மூன்றாவதில் அவனே கொண்டுவந்து, எண்ணிப் பார்க்கும்படி சொல்லட்டும். நான்காவதில் அவள் அந்த உறையைப் பிரிக்காமல் அவன் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, கூரைக்கு என்று எழுதட்டும். அதற்குள் எங்கே காதல் வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி எழுதினால் வெற்றி.

சில்லறை விஷயங்கள் சில. இங்கிலாந்துத் திருச்சபைத் திருமணம் காலை 8 மணிக்கும் நண்பகல் 12க்கும் இடையில், தேவாலயத்தில், இரண்டு சாட்சிகள் முன்னால் நடக்க வேண்டும். மாலை வெளிச்சத்தில் நடத்தியிருக்கிறீர்கள், மாற்றிவிடுங்கள். மூன்று ஞாயிறுகள் தேவாலயத்தில் திருமண அறிவிப்பு வாசிக்க நேரமில்லை என்றால் லைசென்ஸ் வாங்கலாம். வீட்டு வரவேற்பறையிலோ மாலையிலோதான் நடந்தாக வேண்டும் என்றால் கேன்டர்பரி பேராயரின் சிறப்பு லைசென்ஸ் வேண்டும், ஏர்லுக்குக் கிடைக்கும். எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓட வேண்டிய தேவை இவர்களுக்கு இல்லை, அது பெற்றோர் சம்மதம் கிடைக்காத சிறுவயதுக்காரர்களின் பாதை. வெள்ளை உடையும் கட்டாயம் இல்லை. விக்டோரியா 1840இல் உடுத்திய பிறகு பரவிய வழக்கம் அது.

கடைசியாக, ஏர்லும் மனைவியும் தமிழில் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இந்த இடத்தில் கையிருப்பு குறைவு. பட்டப்பெயரிலிருந்து முதற்பெயருக்கு மாறுவது ஒன்றுதான் அவர்களுக்கு உள்ள வழி. உங்களுக்கு ‘நீங்கள்’, ‘நீ’ இரண்டும் இருக்கின்றன. உங்கள் மாதிரி அத்தியாயத்தில் அவன் கல்யாணத்தன்றே அவளை ‘நீ’ என்கிறான்; நம் வீட்டு வழக்கம் கையில் வந்துவிட்டது. திருப்பி ‘நீங்கள்’ ஆக்குங்கள். இருவரும் ‘நீங்கள்’ என்றே பேசட்டும், சண்டையிலும்கூட, சண்டையில் இன்னும் அதிகமாக. பிறகு ஏதோ ஒரு மழை நாளில் கூரை ஒழுகி, இருவருமாகப் பாத்திரங்களை அடியில் வைத்துக்கொண்டு ஓடும்போது, ‘அந்த வாளியை எடு’ என்று அவள் சொல்லிவிடட்டும், அவன் அல்ல. அவன் வாளியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்கட்டும். அடுத்த வரியில் நீங்களும் ஒன்றும் விளக்காதீர்கள்.